கருவிகள் குடிமாறும்போது

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் குடிமாறிப் போவது என்றால் என்னவென்று நம் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெட்டி படுக்கைகளைக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டால் மட்டும் குடிமாற்றம் முடிந்துவிடாது. பழைய தோட்டத்துச் செக்ரோலில் பேர் அடிக்கப்பட வேண்டும். புதிய தோட்டத்துச் செக்ரோலில் பேர் ஏற வேண்டும். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். ஒரு தாள் தவறினாலும் அலைச்சல்தான்.

மனிதர்களைப் போலவே இந்தக் காலத்தில் கருவிகளும் குடிமாறுகின்றன. ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்க்கும் கருவி, குடிநீர்த் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் கருவி, மழையை அளக்கும் கருவி ஆகியவை ஒரு சர்வரின் பொறுப்பிலிருந்து இன்னொரு சர்வரின் பொறுப்புக்கு மாற வேண்டி வருகிறது. இடம் மாறுவதில்லை, கம்பத்தில் கட்டியது கட்டியபடியே இருக்கும். மாறுவது அவற்றின் பேர் பதிந்திருக்கும் புத்தகம்தான். அந்த மாற்றம் எப்படி நடக்கிறது, அதில் எங்கே தவறு நேர்கிறது, நம் வீட்டுப் பிள்ளைகள் அதில் என்ன செய்யலாம் என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் இந்தக் கருவிகள் எப்படிப் பேசுகின்றன என்று தெரிந்துகொள்வோம்.

இவை பயன்படுத்தும் வானொலி முறைக்கு லோரா என்று பெயர். நெடுந்தூரம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. பிரான்ஸ் நாட்டின் கிரனோபிள் நகரில் சைக்லியோ என்ற சிறிய நிறுவனம் உருவாக்கிய நுட்பம் இது. 2012ஆம் ஆண்டில் செம்டெக் என்ற நிறுவனம் அதை வாங்கியது. அந்த நுட்பத்தின்மேல் கருவிகள் எந்த ஒழுங்கில் பேச வேண்டும் என்ற விதிகளுக்கு லோராவன் என்று பெயர். 2015ஆம் ஆண்டில் தொடங்கிய லோரா அலையன்ஸ் என்ற அமைப்பு அந்த விதிகளைப் பேணி வருகிறது.

இதன் சிறப்பு என்ன? கைத்தொலைபேசியைப் போல இது ஓயாமல் பேசாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறையோ, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையோ விழித்தெழுந்து, சில எழுத்துகளே கொண்ட சின்னஞ்சிறு செய்தியை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். அதனால் ஒரு பேட்டரி பல ஆண்டுகள் வரும். திறந்த வெளியில் பல கிலோமீட்டர் தூரம் செய்தி போகும். குன்றும் அடர்ந்த மரங்களும் குறுக்கிட்டால் அந்தத் தூரம் குறையும். மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் எட்டாத இடங்களுக்கு ஏற்ற முறை இது.

கருவி அனுப்பும் செய்தியைக் கேட்க உயரமான இடத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குக் கேட்வே என்று பெயர். நாம் வாயிற்பெட்டி என்று சொல்வோம். இந்த வாயிற்பெட்டி ஒரு தபால்காரரைப் போன்றது. உறையை வாங்கி உரிய இடத்தில் சேர்க்குமே தவிர, உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க அதனால் முடியாது. அது அந்த உறையை இணையத்தின் வழியாகச் சர்வர் என்னும் கணினிக்கு அனுப்பும். சர்வர்தான் தோட்டத்து ஆபீஸ் கிராணியாரைப் போன்றது. எந்தக் கருவி பேசுகிறது, அது நம் கணக்கில் உள்ள கருவிதானா, அதன் முத்திரை சரியா என்று பார்ப்பது அதன் வேலை. பிறகு பூட்டிய செய்தி திறக்கப்பட்டு, நம் கைத்தொலைபேசிக்கோ எச்சரிக்கை மணிக்கோ போய்ச் சேரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கருவி குறிப்பிட்ட ஒரு வாயிற்பெட்டிக்குச் சொந்தமானதல்ல. அது காற்றில் குரல் கொடுக்கிறது. அருகில் நாலு பெட்டிகள் இருந்தால் நாலும் கேட்கும், நாலும் அனுப்பும். சர்வர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடும். ஆகவே கருவியின் உண்மையான உறவு சர்வரோடுதான். சர்வரை மாற்றுவது என்றால் அந்த உறவை மாற்றுவது என்று பொருள்.

"நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மாற்றம் பெரும்பாலும் நம் விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை. சர்வரை நடத்துபவர் கடையை மூடலாம். கட்டணத்தை உயர்த்தலாம். பழைய முறையைக் கைவிட்டுப் புதிய முறைக்குப் போகலாம். நாமே சொந்தமாக ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்யவும் கூடும்.

இதற்கு ஓர் உண்மையான உதாரணம் சொல்கிறேன். நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 2015ஆம் ஆண்டில் தி திங்ஸ் நெட்வொர்க் என்ற பொது வலையமைப்பு தொடங்கப்பட்டது. வீன்கே கீஸெமான், யோஹன் ஸ்டோக்கிங் என்ற இருவர் அதைத் தொடங்கி வைத்தார்கள். ஊர் மக்களே வாயிற்பெட்டிகளை வாங்கித் தங்கள் கூரைகளில் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் கருவியைப் பதிந்துகொள்ளலாம் என்பது அதன் கொள்கை. அது உலகின் பல நாடுகளுக்கும் பரவியது.

அந்த வலையமைப்பின் இரண்டாம் பதிப்புச் சர்வர்கள் பல ஆண்டுகள் நடந்தன. பிறகு அடியோடு புதிதாக எழுதப்பட்ட மூன்றாம் பதிப்பு வந்தது. 2021ஆம் ஆண்டு முழுவதும் குடிமாற்றக் காலமாக இருந்தது. மூடுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பழைய சர்வரில் புதிதாகப் பதிவு செய்வது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் இரண்டாம் பதிப்பு மூடப்பட்டது. அதற்குள் மாறாத கருவிகளின் செய்தியைக் கேட்க யாரும் இல்லை. கருவி பழுதாகவில்லை, பேட்டரியும் தீரவில்லை. கேட்க வேண்டிய காது மட்டும் மூடிக்கொண்டது.

பெரிய நிறுவனங்களிடம் இருந்தால் இப்படி நேராது என்றும் எண்ணிவிட வேண்டாம். லோராவனுக்கு மட்டும் உரியது அல்ல என்றாலும், கருவிகளை இணைத்து வைக்கக் கூகுள் நிறுவனம் நடத்திய ஐ.ஓ.டி. கோர் என்ற சேவை, ஓராண்டு முன்னறிவிப்புக்குப் பின் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிறுத்தப்பட்டது. ஆகவே ஒரு கருவியை இன்று கம்பத்தில் கட்டுபவர், அது ஒருநாள் குடிமாறும் என்று எண்ணியே கட்ட வேண்டும்.

இனி, குடிமாறும் கருவி கையில் கொண்டுபோக வேண்டிய பத்திரங்கள் எவை என்று பார்ப்போம்.

முதலாவது, பிறப்பு எண். டெவ் இ.யு.ஐ. என்று அதைச் சொல்வார்கள். பதினாறு எழுத்துகள் கொண்டது. 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரையிலான ஆறு ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும். கருவி தொழிற்சாலையில் பிறந்தபோதே கொடுக்கப்படுவது. நம் பிறப்புப் பத்திர எண்ணைப் போல, எந்தச் சர்வருக்குப் போனாலும் மாறாது.

இரண்டாவது, சேர்க்கை எண். ஜாயின் இ.யு.ஐ. என்பது இப்போதைய பெயர், ஆப் இ.யு.ஐ. என்பது பழைய பெயர். இதுவும் பதினாறு எழுத்து. யாரிடம் போய்ச் சேர்க்கை கேட்க வேண்டும் என்று காட்டுவது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அதுவே மூலச் சாவி. ஆப் கீ என்று பெயர். முப்பத்திரண்டு எழுத்து. இது கருவிக்குள்ளும் சர்வர் பக்கத்திலும் மட்டுமே இருக்கும். காற்றில் ஒருபோதும் போகாது. தாய்க்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த ஓர் இரகசியச் சொல் இருந்து, இருட்டில் கதவைத் தட்டும்போது அதை வைத்து "என் பிள்ளைதான்" என்று தாய் அறிந்துகொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டது அது. இந்தச் சாவி நம்மிடம் இருந்தால் கருவி நம்முடையது. இல்லாவிட்டால், பணம் கொடுத்து வாங்கியது நாமாக இருந்தாலும், அதை வேறு சர்வருக்குக் கொண்டுபோக நம்மால் முடியாது.

இந்த மூன்றும் இருந்தால், கருவி புதிய சர்வரிடம் சேர்க்கை கேட்கும். சர்வர் ஒப்புக்கொண்டால் இருவரும் மூலச் சாவியிலிருந்து நடப்புச் சாவிகளைத் தனித்தனியே கணக்கிட்டுக்கொள்வார்கள். கூடவே கருவிக்கு ஒரு நடப்பு முகவரியும் கிடைக்கும். இது செக்ரோல் எண்ணைப் போன்றது. தோட்டம் மாறினால் எண்ணும் மாறும். அந்த முகவரியின் முன்பகுதியைப் பார்த்தாலே எந்த வலையமைப்பைச் சேர்ந்தது என்று தெரியும். வாகன எண்பலகையில் ஏ என்று தொடங்கினால் பேராக், ஜே என்று தொடங்கினால் ஜொகூர் என்று நாம் கண்டுகொள்வது போல.

இப்படிக் காற்றின் வழியே சேர்க்கை கேட்டுச் சேரும் முறைக்கு ஓ.டி.ஏ.ஏ. என்று பெயர். இன்னொரு முறையும் உண்டு. ஏ.பி.பி. என்பது அதன் பெயர். அதில் சேர்க்கை கேட்பது இல்லை. நடப்புச் சாவியும் நடப்பு முகவரியும் தொழிற்சாலையிலோ நிறுவியவர் கையாலோ நேரடியாக எழுதப்பட்டிருக்கும். தொடக்கத்தில் இது எளிதாகத் தோன்றும். குடிமாறும்போதுதான் அதன் துன்பம் தெரியும்.

அது என்ன துன்பம்? ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை எண் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். பழைய செய்தியை யாரோ பதிவு செய்து மறுபடி அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சர்வர் கருவிக்கு அனுப்பும் கட்டளைகளுக்கும் இப்படித் தனி வரிசை எண் உண்டு. ஏ.பி.பி. முறையில் உள்ள ஒரு கருவி, பழைய சர்வரிடமிருந்து ஐந்நூறு கட்டளைகள் பெற்றிருக்கிறது என்று கொள்வோம். புதிய சர்வருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அது ஒன்றிலிருந்து தொடங்கும். கருவியோ, "ஐந்நூறுக்கு மேல் வந்தால்தான் கேட்பேன்" என்று இருக்கும். இதன் விளைவு விசித்திரமானது. கருவி பேசுவது நமக்குக் கேட்கும்; நாம் பேசுவது கருவிக்கு ஏறாது. எல்லாம் சரியாக நடப்பது போலவே திரையில் தெரியும். தொட்டியின் வால்வை மூடு என்று ஒருநாள் கட்டளை அனுப்பும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே ஏ.பி.பி. கருவிகளை மாற்றும்போது சாவியோடு வரிசை எண்ணையும் சேர்த்து மாற்ற வேண்டும். அல்லது கருவியையே புதிதாகத் தொடங்கச் செய்ய வேண்டும். முடிந்தால் ஓ.டி.ஏ.ஏ. முறைக்கு மாற்றிவிடுவது நல்லது.

நேர இடைவெளி ஒன்றும் உண்டு. கருவி செய்தி அனுப்பியபின் ஒரு குறிப்பிட்ட நொடியில் மட்டும் காதைத் திறந்து பதிலை எதிர்பார்க்கும். தி திங்ஸ் நெட்வொர்க்கின் இரண்டாம் பதிப்பில் அந்த இடைவெளி ஒரு நொடி. மூன்றாம் பதிப்பில் வழக்கமாக ஐந்து நொடி. சேர்க்கை கேட்டுச் சேரும் கருவிக்குச் சர்வரே இதைச் சொல்லிவிடும். ஏ.பி.பி. கருவிக்கு நாம்தான் எழுதித் தர வேண்டும். ஒரு நொடியில் காதைத் திறந்து மூடிவிடும் கருவிக்கு ஐந்தாவது நொடியில் பதில் அனுப்பி என்ன பயன்?

இப்போது குடிமாற்றத்தை எந்த வரிசையில் செய்வது என்று பார்ப்போம். ஒரு தோட்டத்தில் ஒரு வாயிற்பெட்டியும் இருபது கருவிகளும் இருப்பதாகக் கொள்வோம். ஆற்றோரம் இரண்டு, தொட்டிகளில் நாலு, மழைமானிகள் மூன்று, மற்றவை காட்டில்.

முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகம் போடுவது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி. அது எங்கே கட்டப்பட்டிருக்கிறது, பிறப்பு எண் என்ன, சேர்க்கை எண் என்ன, மூலச் சாவி என்ன, எந்த முறையில் சேர்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பேசுகிறது, பேட்டரி எப்போது மாற்றப்பட்டது என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதும்போது எட்டு என்ற இலக்கத்தையும் பி என்ற எழுத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுழியத்தையும் டி என்ற எழுத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சில கருவிகளின் நிரலில் இந்த எண்ணை இரண்டிரண்டு எழுத்தாகப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதும் வழக்கமும் உண்டு. அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் படிக்க, ஒருவர் எழுத, பிறகு இடம் மாறிச் சரிபார்ப்பது நல்லது. முப்பத்திரண்டு எழுத்தில் ஓர் எழுத்துத் தவறினாலும் கருவிக்குக் கதவு திறக்காது. இந்த நோட்டு சாவிக்கொத்துக்குச் சமம். பூட்டி வைக்க வேண்டியது. படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டியதல்ல.

இரண்டாவது வேலை, ஒரே ஒரு கருவியை மாற்றிப் பார்ப்பது. கைக்கெட்டும் தூரத்தில், ஆபீசுக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய சர்வரில் அதைப் பதியுங்கள். எந்த நாட்டு அலைவரிசை என்று கேட்கும் இடத்தில் கவனம் தேவை. ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ் பட்டையைப் பயன்படுத்துகிறார்கள். நம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்குவது ஏ.எஸ். 923 என்ற ஆசியப் பட்டை. அதன் அடிப்படை அலைவரிசைகள் 923.2, 923.4 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பிய முறையைத் தெரியாமல் தேர்ந்துவிட்டால், பினாங்கு நிலையத்தை மூட்டிவிட்டு ஈப்போ நிலையத்துக்காகக் காத்திருந்த கதையாகும்.

மூன்றாவது, பதிந்த பிறகு பழைய சர்வரில் அந்தக் கருவியின் பேரை அடிப்பது, அல்லது அங்குள்ள மூலச் சாவியை மாற்றி எழுதிவிடுவது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேர் இரண்டு புத்தகத்திலும் இருந்தால், கருவி சேர்க்கை கேட்கும்போது இரண்டு சர்வர்களும் "வா" என்று அழைக்கும். முதலில் குரல் கொடுப்பவரிடம் கருவி போய்விடும். பழையதே முந்திக்கொண்டால், மாற்றிவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்; கருவியோ பழைய வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் அழிக்கும் முன், நோட்டில் எழுதியது சரிதானா என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். அழித்த பேரைத் திரும்ப எழுதலாம். தொலைந்த சாவியைத் திரும்பப் பெறுவது கடினம்.

நான்காவது, கருவியை மீண்டும் சேர்க்கை கேட்க வைப்பது. ஒருமுறை சேர்ந்துவிட்ட கருவிக்குச் சர்வர் மாறியது தெரியாது. சில கருவிகள் நெடுநேரம் பதில் வராவிட்டால் தாமாகவே மறுபடி சேர்க்கை கேட்கும். சில கேட்கவே கேட்காது. பழைய முகவரியோடு ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவற்றின் பேட்டரியைக் கழற்றி மாட்ட வேண்டும், அல்லது பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு ஆள் நடந்து போக வேண்டும், ஏணி ஏற வேண்டும். ஆனால் பல கருவிகளுக்கு, "மறுபடி தொடங்கு" என்ற கட்டளையைச் சர்வர் வழியாகவே அனுப்ப முடியும். அந்தக் கட்டளையைக் கருவி யாரிடமிருந்து ஏற்கும்? தான் சேர்ந்திருக்கும் பழைய சர்வரிடமிருந்து மட்டும்தான். ஆகவே இந்த வழியில் மாற்றும் கருவிக்கு முதலில் பழைய சர்வரில் சாவியை மட்டும் மாற்றி எழுதுங்கள்; பிறகு அங்கிருந்தே கட்டளையை அனுப்புங்கள்; கருவி புதிய இடத்தில் சேர்ந்த பிறகு பழைய பேரை அடியுங்கள்.

நேயர்களே, இந்த இடத்தைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய சர்வர் மூடப்படுவதற்கு முன் உள்ள நாட்கள்தான் மிகவும் விலை மதிப்புள்ளவை. அப்போது ஓர் அறையில் உட்கார்ந்தபடியே இருபது கருவிகளையும் மாற்றிவிடலாம். மூடிய மறுநாள் என்றால், ஒவ்வொரு கம்பத்துக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மழைக்காலமாக இருந்தால் ஆற்றோரத்துக் கம்பத்தை நெருங்கவே முடியாமல் போகலாம்.

ஐந்தாவது, கருவிகளை முதலிலும் வாயிற்பெட்டியைக் கடைசியிலும் மாற்றுவது. வாயிற்பெட்டியில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் சர்வரின் முகவரி உள்ள சில வரிகள்தான். எளிய வேலை என்பதால் அதையே முதலில் செய்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால், பழைய சர்வரில் எஞ்சியிருக்கும் கருவிகளின் தபால்காரரை நாமே அழைத்துக்கொண்டு போனவர்களாவோம். 2021ஆம் ஆண்டுக் குடிமாற்றத்தில் பழைய வாயிற்பெட்டிகள் கேட்ட செய்திகள் புதிய சர்வருக்கும் பகிரப்பட்டன. அதனால், கருவிகளை மாற்றி முடித்த பின்பே பெட்டியை மாற்றுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். எல்லாச் சர்வர்களுக்கும் இடையே இப்படிப் பகிர்வு இருப்பதில்லை. இல்லாத இடத்தில், புதிய சர்வருக்கென்று இரண்டாவது வாயிற்பெட்டி ஒன்றைச் சில வாரங்களுக்கு இரவல் வாங்கி வைக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களுக்கும் அனுப்பும்படி அமைக்கக்கூடிய பெட்டிகளும் உண்டு.

ஆறாவது, செய்தி போய்ச் சேரும் கடைசி இடத்தையும் மாற்றுவது. கருவி அனுப்புவது வெறும் எண்கள். அவற்றை "நீர்மட்டம் இரண்டு மீட்டர்" என்று மொழிபெயர்க்கும் ஒரு சிறு நிரல் பழைய சர்வரில் இருந்திருக்கும். அதைப் புதியதிலும் எழுத வேண்டும். எச்சரிக்கை மணியும் கைத்தொலைபேசிச் செய்தியும் எந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனவோ, அந்த இணைப்பையும் மாற்ற வேண்டும். கருவி நலமாகக் குடிமாறியும், மணி மட்டும் பழைய வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஆறு ஏறுவதைக் கருவி சொல்லும், சர்வர் கேட்கும், மணி அடிக்காது.

இங்கேதான் இந்தப் பொருளின் உயிர்நாடி இருக்கிறது. பேச்சு நின்றுபோன கருவி அழாது, கூச்சலிடாது. அது மௌனமாக இருக்கும். நாம் அந்த மௌனத்தை நலம் என்று எடுத்துக்கொள்கிறோம். எச்சரிக்கை வரவில்லை, ஆகவே ஆறு அமைதியாக இருக்கிறது என்று எண்ணி ஆற்றங்கரை லயத்தில் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறோம். உண்மையில் எச்சரிக்கை வராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஆறு ஏறாமல் இருக்கலாம். அல்லது கருவியின் குரல் யாருக்கும் கேட்காமல் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்தறியும் வழி ஒன்றே ஒன்றுதான். எச்சரிக்கையை மட்டும் எதிர்பார்க்காமல், "நான் இருக்கிறேன்" என்ற அன்றாடச் செய்தியையும் எதிர்பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பேச வேண்டிய கருவி மூன்று மணி நேரம் பேசாவிட்டால், அதையே ஓர் எச்சரிக்கையாக அனுப்பும்படி அமைக்க வேண்டும். பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஒருவர் குரல் கொடுக்காவிட்டால், "அவர் நலமாகத்தான் இருப்பார்" என்று மண்டோர் விட்டுவிடுவதில்லை அல்லவா? ஆள் அனுப்பிப் பார்ப்பார். கருவிகளுக்கும் அந்தப் பெரட்டு வேண்டும்.

ஆகவே குடிமாற்றம் முடிந்ததாக எப்போது சொல்லலாம்? இருபது கருவிகளின் பேரும் புதிய புத்தகத்தில் ஏறியபோது அல்ல. இருபதும் ஒரு முழு நாள் பேசி, அந்தக் கணக்கு நோட்டில் குறிக்கப்பட்டு, ஆற்றோரத்துக் கருவியைக் கையால் நனைத்துப் பார்த்து, மணி உண்மையிலேயே அடித்தபோதுதான் முடிந்தது. அதுவரையில் ஒரு கண் மனிதக் கண்ணாகவே இருக்கட்டும். மாற்றம் நடக்கும் நாட்களில் நீர்மட்டத்தைப் பழையபடி ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வருவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலைக்குப் பெரிய பட்டம் தேவை என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொன்னவற்றில் பெரும்பகுதி பொறுமையும் ஒழுங்கும் வேண்டும் வேலை. எண்ணைப் பிழையில்லாமல் எழுதுவது, வரிசை மாறாமல் செய்வது, செய்ததைச் சோதிப்பது. ஐந்தாம் படிவம் படிக்கும் உங்கள் மகனும் மகளும் இதைக் கற்றுக்கொள்ள முடியும். காலையில் மழைமானியைப் பார்த்து எழுதிவைக்கும் தாய்மார்களுக்கு, கணக்கை ஒழுங்காக வைத்திருப்பது என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரியும்.

உங்கள் வட்டாரத்தில் யாராவது இப்படிப்பட்ட கருவிகளை நிறுவ வந்தால், மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். ஒன்று: மூலச் சாவிகள் யாரிடம் இருக்கும், எங்களுக்கும் ஒரு பிரதி கிடைக்குமா? இரண்டு: உங்கள் சர்வர் நின்றுபோனால் இந்தக் கருவிகளை வேறு சர்வருக்கு மாற்ற முடியுமா? மூன்று: ஒரு கருவி பேசாமல் போனால் அது யாருக்குத் தெரியவரும்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்கலாம். பதில் சொல்லத் தடுமாறுபவர், கருவியை விற்க வந்தவரே தவிர நம் ஆற்றைக் காக்க வந்தவரல்ல.

சாவி எழுதிய நோட்டு நம் கையில் இருக்கும்வரை எந்தச் சர்வர் மூடினாலும் நமக்குக் கவலை இல்லை. அந்த நோட்டை இன்றே தொடங்குங்கள்.